அஷ்டமியில் ஏறப்போகும் மலை

என் ஆசை அண்ணிக்கு,

இதை எப்படி உட்கார்ந்து எழுதுகிறேன் என்று சொன்னால் வாய்விட்டுச் சிரிப்பீர்கள். கூடத்தில், உங்கள் பிரம்பு நாற்காலியில், காலில் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு. தெருமுனைக் கடைக்குப் போகவே செருப்பைத் தேடச் சோம்பல்படுகிறவள், வீட்டுக்குள் ஷூவோடு நடக்கிறேன். புது ஷூ காலுக்குப் பழகாமல் மலை ஏறக்கூடாது என்று நம் பெண் கவிதாவின் உத்தரவு. உங்கள் தம்பி காலையிலிருந்து என் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆமாம் அண்ணி, போகிறேன். உங்கள் தீவுக்கு, உங்கள் மலைக்கு. டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

கடிதம் உங்களுக்குத்தான். ஆனால் இதை நாலு பேர் படிக்கப்போகிறார்கள் என்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் அண்ணி என்று கூப்பிடுவது என் வீட்டுக்காரரின் அக்கா விஜயாவை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தார். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து, போன வருஷம் தை மாதம் அவர் போய்ச்சேரும்வரை, ஒரே சமையலறையில் புழங்கினோம். நாத்தனாரோடு எப்படித்தான் காலம் தள்ளுகிறாய் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. தம்பி பெண்டாட்டியோடு எப்படி என்று உங்களைக் கேட்டவர்களும் உண்டு. நீங்கள் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வீர்கள். "மாசத்துக்கு ஒரு தபா மலையச் சுத்தறோம். எந்தச் சண்டையா இருந்தாலும் அதுல சரியாப் பூடுது."

உண்மைதானே? பௌர்ணமி அன்று நான் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸிலிருந்து பஸ் பிடித்து வந்து, அவசர அவசரமாகச் சமைத்துவைத்துவிட்டு வருவேன். நீங்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் தயாராக நிற்பீர்கள். உங்கள் தம்பி மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை. செங்கம் ரோட்டில் மருந்துக்கடை வைத்திருப்பவருக்குப் பௌர்ணமிதான் தீபாவளி. கால்வலித் தைலமும் பிளாஸ்திரியும் அள்ளிக்கொண்டு போகும். ஊர் முழுக்க மலையைச் சுற்றுகிறது, அவர் சுற்றிவந்த கால்களை மட்டும் பார்த்தே வயசாகிப்போனார்.

அந்த நடையில்தான் நீங்கள் தீவைப் பற்றிச் சொல்வீர்கள். "நம்ம மலை" என்றால் அண்ணாமலை. "என் மலை" என்றால் அது. சின்ன வயதில் உங்களை வடக்கு அந்தமானுக்கு மாற்றினார்கள். கப்பலில் போய், அங்கிருந்து மறுபடி நாள் முழுக்கப் பயணம் செய்து சேர வேண்டிய ஊர். டெலிபோன் ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் காட்டுக்கு மேலே நீலமாக ஒரு மலை. ஊரில் மலையைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு அதைக் கண்டதும்தான் சோறு இறங்கியது என்பீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வேலை பார்த்தவர்களோடு ஏறப் போனீர்கள். உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது உங்கள் தோழிக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. மற்றவர்கள் மேலே போனார்கள். நீங்கள் அவள் காலை மடியில் வைத்து நீவிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டீர்கள். போனவர்களில் மூன்று பேர் இறங்கிவந்து மூன்று கதை சொன்னார்கள். இரண்டு பக்கமும் கடல் என்றார் ஒருவர். ஒரே பனி, ஒன்றும் தெரியவில்லை என்றார் இன்னொருவர். சுற்றிலும் மரம்தான் மறைக்கிறது, ஏறியதே தண்டம் என்றார் மூன்றாமவர்.

"மூணு பேரும் ஒரே எடத்துலதான் நின்னாங்க மல்லிகா. மூணு பேருக்கும் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. நான் எதை நம்பறது சொல்லு?" அடி அண்ணாமலை டீக்கடை வந்ததும் இந்தக் கேள்வியும் வந்துவிடும். டீ ஆறும்வரை நாம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவோம். ஒரு மாதம் நான் கடல் கட்சி, அடுத்த மாதம் பனிக் கட்சி. மரக் கட்சிக்கு மட்டும் நாம் ஓட்டுப் போட்டதே இல்லை.

மறுபடி ஏறிப் பார்ப்பதற்குள் அங்கிருந்து மாற்றல் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அத்தை, அதாவது உங்கள் அம்மா, என்ன சொன்னார்கள் என்பதையும் நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். "அஷ்டமியில பொறந்தவ. எதையும் முழுசா முடிக்க மாட்டா." பார்க்க வந்த வரன் தட்டிப்போனாலும் அதே பேச்சு. பரீட்சையில் இரண்டு மார்க் குறைந்தாலும் அதே பேச்சு. நான் வந்த பிறகு என் காதாலேயே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். நீங்கள் முகத்தைச் சுளிக்காமல், "கிருஷ்ணனும் அஷ்டமிதாம்மா. அவனுக்கு எத்தினி பெண்டாட்டி பாரு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவீர்கள். நான் சிரிப்பேன். சமையலறைக்குள் வந்து பார்த்தால் நீங்கள் சிரித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

நான் ரிடையர் ஆனதும் இரண்டு பேருமாகப் போவது என்று பேசிவைத்திருந்தோம். ஆடியில் எனக்கு ரிடையர்மென்ட். நீங்கள் தையிலேயே கிளம்பிவிட்டீர்கள். மூச்சு வாங்குகிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்குக் கோபம்தான் அண்ணி. அழுகை வந்ததைவிடக் கோபம் அதிகமாக வந்தது. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் யாரும் மலை ஏறக்கூடாது என்றார்கள். அந்தத் தீவு மலையில் கோயிலே கிடையாதே என்றேன். கோயில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, மலை மலைதான் என்றார்கள். சரி, உங்களுக்காகத்தானே என்று வாயை மூடிக்கொண்டேன். மாதாமாதம் நம்ம மலையை மட்டும் தனியாகச் சுற்றினேன். அதுவும் கூடாது என்று ஒருத்தர் சொல்ல வந்தார். நான் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

தலைத்திவசத்தை உங்கள் தம்பி முறையாகச் செய்தார். மறுநாளே நான் கவிதாவைப் பிடித்தேன். சென்னையிலிருந்தபடியே அவள் எங்கெங்கோ விசாரித்து, அங்கே மலைக்குக் கூட்டிப்போகிறவர் ஒருவரின் நம்பரைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். பாஸ்கர் என்று பெயர். அவருடைய அப்பா காலத்தில் விழுப்புரம் பக்கமிருந்து போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பமாம். தமிழும் இந்தியும் கலந்து பேசுகிறார். நான் அவரிடம் பேசியதை உங்களுக்கு அப்படியே சொல்லியாக வேண்டும்.

"தம்பி, மாசி பௌர்ணமிக்கு வர்றோம். சாப்டுட்டு ஒரு பத்து, பதினோரு மணிக்கு நடக்க ஆரம்பிச்சா சரியா இருக்குமா?" என்றேன்.

"பதினொண்ணுக்கா? ரொம்ப லேட்டும்மா. விடியறதுக்குள்ள கெளம்பிடணும். இங்க சூரியன் சீக்கிரம் வந்துடும், சீக்கிரம் பூடும். உங்க ஊர்ல சாயங்காலம் காபி குடிக்கிற நேரத்துக்கு இங்க இருட்ட ஆரம்பிச்சுடும்."

"காலையில இல்ல தம்பி, ராத்திரி. நிலா வெளிச்சம் இருக்குமில்ல?"

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ இந்தியில் ஏதோ சொன்னார். இரண்டு பேர் சிரிப்பது கேட்டது. "ராத்திரியில காட்டுக்குள்ள யாரும்மா விடுவாங்க?" என்று திரும்பி வந்தார்.

நான் விடவில்லை. வெறுங்காலோடு நடந்தே பழக்கம், செருப்புப் பிரச்சினையே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். அட்டை கடிக்கும், முள் குத்தும், ஷூ இல்லாமல் வராதீர்கள் என்றார். "வழியில அங்கங்க தண்ணி குடுப்பாங்கதானே? அன்னதானம்லாம் வேணாம், தண்ணி இருந்தாப் போதும்" என்றேன். "அம்மா, வழியில ஆளே கெடையாதும்மா. குடிக்கிற தண்ணி மொத்தமும் நாமதான் தூக்கணும்" என்றார். பிறகு நிதானமாக, "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டார். திருவண்ணாமலை என்றேன். "ஓஹோ" என்றார். அந்த ஓஹோவை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். பர்வதமலை ஏறியிருக்கிறோம், அது சாமி பார்க்க ஏறியது. ஆனால் மலை நடை என்று சொன்னதும் என் புத்தி எங்கே போயிருக்கிறது? பௌர்ணமி, ராத்திரிச் சாப்பாடு, வெறுங்கால், வழியெல்லாம் கடை. உலகத்தில் உள்ள மலைக்கெல்லாம் ஒரு தார்ச் சாலையும் டியூப் லைட்டும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே இத்தனை காலம் இருந்துவிட்டேனே! நீங்கள் ஒரு தரம் ஏறியவர், பக்கத்தில் இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பீர்கள்.

சிரிப்பு அதோடு முடிந்தது. பாஸ்கர் சொன்ன அடுத்த விஷயம் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. மலைக்குப் போகும் வழியின் முதல் பாதி கடற்கரையை ஒட்டித்தான் போகிறதாம். "பௌர்ணமி வேணாம்மா. அன்னிக்கும் அமாவாசைக்கும் கடல் ஜாஸ்தி ஏறும். போறப்ப வழி இருக்கும், திரும்பி வர்றப்ப இருக்காது. பாதி நிலா இருக்கிறப்ப வாங்க, தண்ணி கம்மியா ஏறும். நடக்க நல்லா இருக்கும்." இன்னொன்றும் சொன்னார். மத்தியானத்துக்குள் உச்சியைத் தொடாவிட்டால் எங்கே நின்றாலும் அங்கிருந்தே திரும்பிவிட வேண்டும். இருட்டுவதற்குள் காட்டைவிட்டு வெளியே வந்தாக வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை என்றார்.

போனை வைத்துவிட்டு நாள்காட்டியைப் பார்த்தேன். கவிதாவுக்குக் கிடைக்கும் லீவில் போகவர நாட்களைக் கழித்தால் மலைக்கு ஒரே ஒரு நாள்தான். பௌர்ணமி கழிந்து, கடல் அடங்கி, பாதி நிலா நிற்கும் நாள். விரலை வைத்துப் பார்த்தேன். அஷ்டமி.

இந்த வீட்டில் அஷ்டமி அன்று துடைப்பம்கூட வாங்கியதில்லை. உங்கள் தம்பி புது மருந்துப் பெட்டியைப் பிரிக்கவே மறுநாளுக்கு மறுநாள் ஆகட்டும் என்று காத்திருப்பவர். நான் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அத்தையின் குரல் காதில் கேட்டது. அண்ணி, எனக்கு உடம்பெல்லாம் ஒரு வீம்பு ஏறியது. இதே நாளில்தான் போவேன், இந்த நாளில் ஏறித்தான் முடிப்பேன் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

கவிதாவைக் கூப்பிட்டு, பௌர்ணமிக்கென்று எடுத்திருந்த டிக்கெட்டை மாற்றச் சொன்னேன். "அம்மா, ஆபீஸ்ல இன்னான்னு சொல்றது? கடல் ஏறுது, லீவைத் தள்ளி வைங்கன்னா?" என்று அலுத்துக்கொண்டாள். மாற்றியும் விட்டாள். உங்கள் மடியில் வளர்ந்தவள் இல்லையா?

உங்கள் தம்பியிடம் சொன்னதும் அவர் கையிலிருந்த டம்ளரை நங்கென்று வைத்தார். "அஷ்டமியிலயா? எவனாவது அஷ்டமியில மலை ஏறுவானா? பொண்ணையும் கூட்டிக்கினு போற. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"கடலுக்கு அஷ்டமிதாங்க நல்ல நாளு."

"கடலு சொல்லுச்சா உன்கிட்ட?"

"ஆமா, சொல்லுச்சு. டிக்கெட் மாத்தியாச்சு" என்றேன்.

சொல்ல வேண்டிய இன்னொன்று என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. சாம்பாரில் உப்புக் குறைந்தால்கூடத் தானே எழுந்து போய் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.

அவர் பேசாவிட்டால் போகட்டும், எனக்குத் தலைக்கு மேல் வேலை இருந்தது. முட்டியைத் தயார் செய்ய வேண்டும். நம்ம மலையே சாமி, அதன்மேல் கால் வைக்க எனக்கு மனசு வராது. அதனால் தினமும் காலையில் வேங்கிக்காலுக்குப் பஸ் ஏறிப் போய், கலெக்டர் ஆபீஸ் மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கினேன். வாட்ச்மேன் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள், "இன்னா மேடம், ரிடையர் ஆனப்புறமும் சீட்டை விட்டுப் போக மனசு வரலியா?" என்று கேட்டேவிட்டார். லிஃப்ட் வேலை செய்கிறதா என்று பார்க்க வந்தேன் என்று சொல்லிவைத்தேன்.

போன வாரம் கவிதாவை வரவழைத்துப் பர்வதமலைக்குப் போனோம். முதுகில் தண்ணீர்ப் பாட்டில்கள், காலில் ஷூ, எல்லாம் தீவில் எப்படியோ அப்படியே. பாறையில் கம்பி அடித்த கடப்பாரைப் படி வந்ததும் என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. ஒரு பாறையில் உட்கார்ந்தேன். போதும், இறங்கிவிடலாம் என்று வாய்வரை வந்துவிட்டது. கவிதா தண்ணீரை நீட்டினாள். குடித்துவிட்டு எழுந்தேன். மேலே போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. பாஸ்கர் கணக்குப்படி அது தோல்விதான். இறங்கும்போது முட்டி இரண்டும் தந்தி அடித்தன.

மறைப்பானேன், பயமாகத்தான் இருக்கிறது. அங்கே ஒரு நாள்தான், ஒரு தரம்தான். உச்சி தெரிகிற இடத்தில் நின்று திரும்பிவர வேண்டியிருந்தால் உங்களிடம் என்ன சொல்வேன்?

பர்வதமலை இன்னொன்றும் கற்றுக்கொடுத்தது. ஷூவுக்குள் மெட்டி கடிக்கிறது. இரண்டு காலிலும் விரல் கன்றிப்போனது. கழற்றி வைத்துவிட்டுப் போயேன் என்று கவிதா சுலபமாகச் சொல்லிவிட்டாள். கல்யாணத்தன்று போட்டதை நான் எப்படிக் கழற்றுவேன்? வலித்தால் வலிக்கட்டும் என்றுதான் இன்று ஷூவை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இங்கே எழுதுவதை நிறுத்த வேண்டியதாகிவிட்டது அண்ணி. உங்கள் தம்பி எழுந்து எதிரே வந்து நின்றார். இப்போதுதான் மறுபடி பேனாவை எடுக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

"ஷூவைக் கழட்டு" என்றார். இத்தனை நாள் கழித்து முதல் பேச்சு அதுதான். சரி, சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்திரிச் சுருளை எடுத்தார். தரையில் உட்கார்ந்து, என் காலை இழுத்து வைத்துக்கொண்டு, மெட்டிமேல் துணிப் பிளாஸ்திரியை மெத்தையாகச் சுற்றினார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊரார் காலைப் பார்த்த மனுஷன் இல்லையா, எங்கே கடிக்கும் என்று கேட்கவே இல்லை.

இரண்டாவது காலைச் சுற்றும்போது தலையை நிமிர்த்தாமலே பேசினார். "எங்கக்கா அஷ்டமியிலதான் பொறந்துது."

"தெரியுங்க."

"அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே அத நோவடிச்சாங்க. என்னைப் படிக்க வச்சது யாரு? எனக்குக் கடை வச்சுக் குடுத்தது யாரு? எல்லாத்தையும் முழுசாத்தான் செஞ்சுது." பிளாஸ்திரியைப் பல்லால் கடித்து அறுத்தார். "எங்கக்கா பொறந்த நாளு எப்பிடி கெட்ட நாளாவும்? நீ போ. போயி ஏறிட்டு வா."

நான் காலை மெல்ல ஷூவுக்குள் நுழைத்துப் பார்த்தேன்.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, "அன்னிக்குக் கடைய மூடிட்டு நானும் நம்ம மலையச் சுத்தப் போறேன். அஷ்டமியில கூட்டமே இருக்காது. எத்தினி நேரம் ஆனா இன்னா, யாரு கேக்கப் போறா?" என்றார். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி நின்று, "வெறுங்காலோடதானே சுத்தணும்?" என்று கேட்டார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த மனுஷன் கேட்கிற கேள்வியா அண்ணி இது!

இப்போது ஷூ கடிக்கவில்லை. கூடத்தில் பத்துச் சுற்று நடந்து பார்த்துவிட்டேன்.

ஒன்று மட்டும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உச்சிக்குக் கிட்டத்தில் கவிதாவுக்குக் கால் சுளுக்கிக்கொண்டால் நான் என்ன செய்வேன்? உட்கார்ந்துவிடுவேன், வேறென்ன. அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நீங்கள் உட்கார்ந்த அதே காட்டில் உட்கார்ந்துவிடுவேன். அதற்கு யாரும் பாதியில் விட்டாள் என்று பெயர் வைக்க முடியாது. வைத்தால் இனிமேல் நான் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். மத்தியானம் தாண்டிவிட்டது, திரும்புங்கள் என்று பாஸ்கர் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் இறங்குவேன். இறங்கிவந்து அடுத்த வருஷ அஷ்டமிக்குப் பணம் சேர்க்க ஆரம்பிப்பேன். என் முட்டி என்னைத் தாங்கும்வரை போய்க்கொண்டே இருப்பேன்.

ஆனால் இந்தத் தரமே ஏறிவிடுவேன் அண்ணி. எனக்குத் தெரிகிறது.

இதோ என் வாக்கு. உச்சியில் நின்று முதலில் கண்ணை மூடிக்கொள்வேன், மூச்சு அடங்கியதும் திறப்பேன். கடலா, பனியா, மரமா என்று நானே பார்ப்பேன். அங்கே எதுவும் சொல்ல மாட்டேன், கவிதாவிடமும் வாயைத் திறக்காதே என்று சொல்லிவிடுவேன். ஊருக்குத் திரும்பியதும் வருகிற பௌர்ணமிக்கு மலையைச் சுற்ற வருவேன். அடி அண்ணாமலை டீக்கடையில் எப்போதும்போல இரண்டு டீ சொல்வேன். ஒன்று ஆறும்வரை காத்திருந்து, முதன்முதலில் உங்களிடம்தான் சொல்வேன்.

அது மரமாகவே இருந்தாலும் சொல்வேன்.

அஷ்டமியில் பிறந்தவரின் தம்பி பெண்டாட்டி,
உங்கள் மல்லிகா